மயில்கள் பார்க்கும் பக்கம்

கூரையைப் பார்த்து நடந்தால் கழுத்து வலிக்கும், தரையைப் பார்த்து நடந்தால் வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள், ஆகவே பூங்கோதை தூண்களைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அரண்மனையில் தூண்களுக்குக் குறைவில்லை. அடி பருத்து, இடுப்பு மெலிந்து, உடம்பு முழுக்கத் தங்கப் பூச்சில் கொடி ஓட, நகை போட்டு நிற்கவைத்த பெண்கள் மாதிரி வரிசையாக நின்றன. பாவம் என்று நினைத்தாள், தூணுக்கு என்ன பாவம் என்றும் உடனே நினைத்தாள். வலப்பக்கம் ஒரு கை தூரம் விட்டு குழந்தைவேலு வந்துகொண்டிருந்தார். கோபிச்செட்டிபாளையத்துக்காரர், மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். இவரை மனசுக்குள் என்னவென்று கூப்பிடுவது என்பது காலையில் ஈரோட்டில் பஸ் ஏறினதிலிருந்தே அவளுக்குப் பிடிபடவில்லை. மாப்பிள்ளை என்றால் சிரிப்பு வந்தது. அறுபத்தொரு வயது மாப்பிள்ளை, ஐம்பத்தோரு வயதுப் பெண். மகள் யாழினி ‘அங்கிள்’ என்றாள், அவருடைய அக்கா தெய்வானை ‘தம்பி’ என்றாள், இரண்டும் அவளுக்கு உதவாது. ஏற்பாடெல்லாம் யாழினியுடையது. “கோயில்ல வெச்சுப் பாத்தா தெரிஞ்சவங்க யாராச்சும் வந்து நிப்பாங்கம்மா. அரண்மனைன்னா டூரிஸ்ட்டோட டூரிஸ்ட்டாப் போயிடலாம், பிடிக்கலைன்னா அரண்மனை பாத்த மாதிரி ஆச்சு” என்று போனில் சொன்னாள். கர்நாடகத்துப் பழைய சமஸ்தானம் ஒன்றின் அரண்மனை அது. பெங்களூரிலிருந்து அவள் வர வசதி, ஈரோட்டிலிருந்து இவர்கள் வர வசதி. தைக்குப் பிறகு யாழினி வேலை மாற்றிக்கொண்டு அயர்லாந்து போகிறாள். “நீ தனியா இருந்தா நான் அங்க எப்படிம்மா நிம்மதியாத் தூங்குவேன்?” அவள் தூங்குவதற்கு இவள் ஒரு புருஷனைக் கட்டிக்கொள்ள வேண்டும். கொசுவலை மாதிரி. அப்படி நினைத்ததற்காகத் தன்னைக் கொஞ்சம் கடிந்துகொண்டாள், குழந்தை நல்ல மனசோடுதான் சொல்கிறது. இப்போது அந்த நல்ல மனசுக்காரி தெய்வானையக்காவின் முழங்கால் வலியைச் சாக்கு வைத்து, இரண்டு கூடம் தள்ளி ஒரு பெஞ்சில் அவளோடு உட்கார்ந்துகொண்டாள். “நீங்க ரெண்டு பேரும் பாத்துட்டே போங்க அம்மிணி, நாங்க மெதுவா வர்றோம்” என்று தெய்வானை சொன்னபோது அந்த அம்மாள் முகத்தில் முழங்கால் வலி துளியும் இல்லை.

குழந்தைவேலுவின் மூக்குக்கண்ணாடி கோணலாக இருந்தது. இடது பக்கத்து மூக்குத் தாங்கி உள்ளே வளைந்து, கண்ணாடி முழுக்க ஒரு பக்கமாகச் சரிந்து, இருபார்வைக் கண்ணாடியின் கோடு ஒரு கண்ணுக்கு மேலேயும் ஒரு கண்ணுக்குக் கீழேயும் நின்றது. பதினைந்து வருஷமாகக் கண்ணாடிக் கடையில் நிற்கிறவளுக்கு அதைப் பார்க்கப் பார்க்கக் கை அரித்தது. இப்படிப் போட்டுக்கொண்டு நடந்தால் படிக்கட்டில் இறங்கும்போது தடுமாறுவார், சாயங்காலமானால் நெற்றிப்பொட்டில் வலிக்கும். கழற்றி வாங்கி, கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தி, திருப்பி மாட்டிவிட்டால் முடிந்தது. கடையில் யார் யாருக்கோ செய்கிறாள், காதுமடலைத் தொட்டு, முகத்துக்கு நேரே முகம் வைத்து, ஒன்றும் தோன்றுவதில்லை. இங்கே அதைச் செய்தால் அது வேறு ஒன்றாகிவிடும். தூணைப் பார்த்தாள். குழந்தைவேலு தொண்டையைச் செருமிக்கொண்டார், அவள் தோள் தானாக இறுகியது. செருமலுக்குப் பிறகு ஒரு வாக்கியம் வரும், அந்த வாக்கியம் எப்படித் தொடங்கும் என்று காது காத்திருந்தது. “இத்தனை சரவிளக்கும் மொதல்ல மெழுகுவத்திக்குப் பண்ணுனதுங்க. பொறவுதான் கரண்டுக்கு மாத்தியிருக்காங்க. ஒயரு அந்தக் கொழாய்க்குள்ள போகுது பாருங்க” என்றார் அவர். அவ்வளவுதான். அவள் மூச்சை விட்டாள். “ஓ” என்றாள். அந்த ஓ போதாது என்று தோன்றி, “பல்பு பியூஸ் போனா எப்படி மாத்துவாங்க?” என்று கேட்டாள். அவர் நின்று அண்ணாந்து பார்த்து உண்மையாகவே யோசித்தார். “அதைத்தானுங்க நானும் வந்ததுலருந்து யோசிக்கிறேன்” என்றார்.

அடுத்தது நிலைக்கண்ணாடிக் கூடம். எதிரெதிர்ச் சுவர்களில் ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு கண்ணாடிகள், ரசம் அங்கங்கே உதிர்ந்து, ஓரத்தில் பொன் சட்டம். நடுவில் போய் நின்றால் ஒரு பூங்கோதைக்குப் பின்னால் இன்னொரு பூங்கோதை, அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, கடைசியில் பச்சை இருட்டில் போய் முடிகிற ஒருத்தி. எல்லோரும் அரக்குக் கலர் பட்டுக்கரை சேலை கட்டியிருந்தார்கள், எல்லோர் பக்கத்திலும் கோணல் கண்ணாடி போட்ட ஒரு மனிதர். தூரத்தில் இருக்கிறவர்களுக்கு முகம் சரியாகத் தெரியவில்லை. அங்கே நிற்பது கதிரேசனாகக்கூட இருக்கலாம். இருபத்திரண்டு வருஷம் புருஷனாகப் பக்கத்தில் நின்றவர், போய் ஒன்பது வருஷம் ஆகிறது, இன்னும் கொஞ்ச தூரத்தில் நின்றுகொண்டுதான் இருக்கிறார். கெட்டவர் இல்லை. அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை, அடித்தார் குடித்தார் என்று ஒன்று இருந்திருந்தால் சொல்லிவிடலாம். ஒரு வார்த்தைதான். அப்படி இல்ல. எதைச் சொன்னாலும் முதலில் ஒரு செருமல், பிறகு, அப்படி இல்ல. மழை வருது என்றால், அப்படி இல்ல, தூறல். தலை வலிக்கிறது என்றால், அப்படி இல்ல, நீ தண்ணி குடிக்கல. யாழினி உங்க மாதிரியே சிரிக்கிறா என்று ஆசையாகச் சொன்னபோதும், அப்படி இல்ல, எங்க அம்மா மாதிரி. பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும், அதுதான் கொடுமை. கடைசியில் ஆஸ்பத்திரியில், செவ்வாய்க்கிழமையிலிருந்து காய்ச்சல் என்று இவள் நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, ஆக்ஸிஜன் மூடிக்குள் பேச முடியாமல் அவர் விரலை மட்டும் ஆட்டினார். மூடியை நர்ஸ் விலக்கியதும், “அப்படி இல்ல, புதன்” என்றார். அதுதான் கடைசி வார்த்தை. வந்தவர்கள் எல்லாம் கடைசியாக என்னம்மா சொன்னார் என்று கேட்டார்கள், இவள் யாழினி பேரைச் சொன்னார் என்று சொல்லிவைத்தாள். செவ்வாயா, புதனா? செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடையிலிருந்து திரும்பியபோது அவர் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அது நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் அது மழைக்குளிருக்காக இருக்கலாம். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேனா? தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இந்த இடத்துக்கு வந்தால் யோசனை அப்படியே நின்றுவிடும், ஒன்பது வருஷமாக நிற்கிறது, தொட்டேனா, தொடலையா. “போலாங்களா?” என்றார் குழந்தைவேலு. பின்னால் ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் கண்ணாடிக்குக் காத்திருந்தது.

ராணியின் அறையைக் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். உள்ளே வெள்ளிக் கால் வைத்த கட்டில், நாலு பேர் தாராளமாகப் படுக்கலாம், மேலே சரிகை விதானம், பக்கத்தில் பவழம் பதித்த சின்ன மேஜை, முகம் பார்க்க ஒரு கைக்கண்ணாடி. ஏதோ ஒரு குடும்பத்துக்கு வழிகாட்டி ஒருவர் கன்னடம் பாதி தமிழ் பாதியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ராஜா ராணியைப் பார்க்க வருவதாக இருந்தால் தாழ்வாரத்துக் கோடியிலிருந்து மணி அடித்துக்கொண்டே வருவார்களாம், ராணி எழுந்து தயாராக நிற்க வேண்டுமாம். குடும்பம் சிரித்தது. பூங்கோதைக்கு மணி காதில் விழுந்தது, செருமல் மாதிரி. மணி அடிக்காத ராத்திரிகளில் அந்தப் பெண் என்ன செய்தாள்? இந்த அகலக் கட்டிலில் நடுவில் படுத்தாளா, ஓரத்தில் படுத்தாளா? கதிரேசனின் காரியமெல்லாம் முடிந்து, சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகப் பையைத் தூக்கிக்கொண்டு போய், யாழினி சித்தி வீட்டுக்குப் போன அன்று, பூங்கோதை மத்தியானம் கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் குறுக்காகப் படுத்தாள். வேண்டுமென்றே இல்லை, விழுந்த இடம் அப்படி. தலை ஒரு மூலையில், கால் எதிர் மூலையில். ஜன்னலுக்கு வெளியே மேகம் இருட்டிக்கொண்டு வந்தது, “மழை வருது” என்று வாய்விட்டுச் சொன்னாள். அறை ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள், மழை வருது. பிறகு தூங்கிப்போனாள், சின்ன வயசில் தூங்கினது மாதிரி எச்சில் வழிய ஒரு தூக்கம். விழித்தபோது உடம்பெல்லாம் லேசாக இருந்தது, அதற்கு என்ன பெயர் என்று தேடி, பெயர் கிடைத்தவுடன் பயந்துபோய் எழுந்து உட்கார்ந்தாள். சந்தோஷம். புருஷன் செத்துப் பதினேழாம் நாள். அன்றிலிருந்து அதை மடித்து அடியில் வைத்து, மேலே துக்கத்தை விரித்து வாழ்ந்துவந்தாள். பாவம் தனியாக இருக்கிறாள் என்று கடைக்கார முதலாளியம்மா சொன்னாள், அக்கம்பக்கம் சொன்னது, மகள் சொல்லி அழுதாள். இவள் தலையை ஆட்டிக்கொண்டாள். இப்போது இன்னொரு மனிதர் வந்து அந்தக் கட்டிலின் ஒரு பாதியைக் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும், பாதியைக் கொடுத்தால் குறுக்காகப் படுக்க முடியாது. இவ்வளவு சின்ன விஷயம். இவ்வளவு சின்ன விஷயத்துக்காக ஒரு நல்ல மனிதரை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நல்ல மனிதர் என்று யார் சொன்னது? கதிரேசனையும் அப்படித்தான் சொன்னார்கள்.

அவள் குழந்தைவேலுவைச் சோதித்துப் பார்க்க முடிவு செய்தாள். முடிவு என்றுகூட இல்லை, வாய் முந்திக்கொண்டது. தாழ்வாரத்தில் சந்தன நிறத்தில் ஒரு கதவு, அதில் யானைகள் வரிசையாகப் போகிற மாதிரி செதுக்கியிருந்தது. மரம் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். “தந்தத்துல பண்ணியிருக்காங்க” என்றாள். சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். குழந்தைவேலு கதவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “இருக்குமுங்க” என்றார். இருக்குமா? அவளுக்கு ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது, அடுத்த நிமிஷமே ஏமாற்றமாக இருந்தது. இவர் எதற்கும் ஆமாம் போடுகிறவர். ஆமாம் போடுகிறவர்கள் கேட்பதே இல்லை, வீட்டில் ரேடியோ ஓடுகிற மாதிரி விட்டுவிட்டு மனசுக்குள் பல்பை எண்ணிக்கொண்டிருப்பார்கள். அப்புறம் மழை வருது என்றாலும் ஆமாங்க, வீடு இடியுது என்றாலும் ஆமாங்க. அதற்கு அறையோடு பேசிக்கொள்ளலாம், அறை செருமாது, சாப்பாடு கேட்காது. இப்படி ஒரு நியாயம் கிடைத்ததில் அவளுக்குத் தெம்பு வந்தது. சாயங்காலம் பஸ் ஏறும்போது யாழினியிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் கோத்துக்கொண்டே நடந்தாள். நல்லவர்தான், ஆனா ஒத்துவராது. என்னம்மா ஒத்துவராது என்பாள். அது உனக்குப் புரியாது.

கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் கூட்டம் முழுக்க ஒரே மாதிரி ஆ என்று வாயைத் திறந்து அண்ணாந்தது. எட்டுப் பக்கமும் தூண்கள் எழும்பி, மேலே போய் ஒரு குடையாகக் கூடி, குடை முழுக்க வண்ணக் கண்ணாடி. வெயில் அதன் வழியாக இறங்கித் தரையில் பச்சையும் நீலமுமாகச் சிந்திக் கிடந்தது. கண்ணாடியில் மயில்கள். குடையின் ஒவ்வொரு பட்டையிலும் ஒரு மயில், தோகையைத் தொங்கவிட்டு, கழுத்தை வளைத்து. ராஜா வீட்டுப் பெண்களுக்குக் கல்யாணம் இங்கேதான் நடக்குமாம், மற்ற பெண்கள் மாடத்துப் பலகணிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்களாம். குழந்தைவேலு அண்ணாந்து பார்த்துக்கொண்டே, இதுவரை பேசாத ஒரு மெதுவான குரலில் பேசினார். “நான் முன்னாடி ஒருக்கா இங்க வந்திருக்கேனுங்க. உங்க பொண்ணு இந்த எடம்னு சொன்னப்ப எதுவும் சொல்லிக்கலை. எங்க வூட்ல சம்பூர்ணத்தோட வந்தேன். அவ இதே எடத்துல நின்னு, மேல பாத்துட்டு, மயிலெல்லாம் ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டு நிக்குதுன்னு...” “அப்படி இல்லீங்க, எல்லாம் ஒரே பக்கம்தான் பாக்குது” என்றாள் பூங்கோதை.

முதலில் அவளுக்குத் தான் பேசினது தெரியவில்லை. குரல் தெளிவாக, கொஞ்சம் சலிப்போடு, சரியானதைச் சொல்கிற திருப்தியோடு மண்டபத்தில் கேட்டது. பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமினேனா என்று யோசித்தாள், செருமியிருந்தாள். குழந்தைவேலு மயில்களை ஒரு சுற்றுப் பார்த்தார். “ஆமாங்க. ஒரே பக்கம்தான்” என்றார். சொல்ல வந்ததின் மீதியை அவர் உள்ளே வைத்துக்கொண்டது அவளுக்குத் தெரிந்தது. அப்படித் தெரிவதற்கு அவளைவிடப் பழகினவர் யாரும் இருக்க முடியாது. கீழ் உதட்டை லேசாக உள்ளே இழுத்து, பார்வையை எங்கேயாவது ஒரு பொருள் மேல் போட்டு, கை சும்மா சட்டைப் பொத்தானைத் தொட்டு. இருபத்திரண்டு வருஷம் அவள் அதைத்தான் செய்தாள், சட்டைப் பொத்தானுக்குப் பதில் தாலிக்கொடி. காலையிலிருந்து காதைத் தீட்டி வைத்துக்கொண்டு காத்திருந்த வார்த்தை, அவருடைய வாயிலிருந்து வரும் என்று பயந்த வார்த்தை, தன் வாயிலேயே குடியிருந்திருக்கிறது. கடையில் சேல்ஸ் பெண்ணிடம் சொல்கிறேனா? சொல்கிறேன். யாழினியிடம்? அவள் போனில் பேசும்போது நடுவில் சில தடவை ஒன்றும் பேசாமல் இருப்பாளே, சிக்னல் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோமே. தூணைப் பிடித்துக்கொள்ள நினைத்தாள், தொடாதீர்கள் என்று மூன்று பாஷையில் எழுதியிருந்தது. கதிரேசனுக்கும் அந்த வார்த்தையை யாராவது கொடுத்திருப்பார்களோ? தன் அப்பாவுக்கு முன்னால் அவர் உதட்டை உள்ளே இழுத்துக்கொள்வார், பார்த்திருக்கிறாள், பார்த்தும் நினைத்ததில்லை. இவ்வளவு தூரம் எங்கே போகிறது யோசனை? எதிரில் ஒரு மனிதர் நிற்கிறார். செத்துப்போன தன் மனைவி சொன்னதை எடுத்துவைக்க வந்தார், இவள் தட்டிவிட்டாள். மயில் எந்தப் பக்கம் பார்த்தால் யாருக்கு என்ன?

அடுத்தது தர்பார் மண்டபம். ஒரு பக்கம் முழுக்கத் திறந்து கிடந்த அந்த மண்டபத்தில் காற்று தாராளமாக வந்தது, கீழே மைதானம், தூரத்தில் கோபுரம், சிம்மாசனத்துக்கு முன்னால் பளபளக்கிற வெல்வெட் கயிறு. எதையும் அவள் பார்க்கவில்லை. “நீங்க சொல்லிட்டிருந்தீங்களே, உங்க வீட்டம்மா மயிலைப் பாத்துச் சொன்னது. அதை முழுசாச் சொல்லுங்க” என்றாள். “அது ஒண்ணுமில்லீங்க, அவ தப்பாத்தான் சொல்லியிருக்கா” என்றார் அவர். “தப்பாவே இருக்கட்டும். சொல்லுங்க.” குழந்தைவேலு கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். “அது ஒரே பக்கம் பாக்குதுன்னு எனக்கு அப்பவே தெரியுமுங்க. அப்ப அவளுக்குச் சர்க்கரை கண்ணுக்கு ஏறிப்போச்சு. வெளிச்சம் தெரியும், கலர் தெரியும், உருவம் எதுவும் புடிபடாது. இதெல்லாம் பாக்கோணும்னு ரொம்ப நாளாச் சொல்லிட்டிருந்தா, கொஞ்சம் முந்திக் கூட்டியாந்திருக்கலாம், நானும் ஆபீஸ் ஆபீஸ்னு இருந்துட்டேன். மேல பாத்தா. மயிலெல்லாம் ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டு நிக்குது இல்லீங்களான்னு கேட்டா. ஆமாம் பிள்ளேன்னு சொன்னேன். அதுக்கு மேல அவளுக்குப் பார்வை இல்லை. அதோட சரி.” அவர் முகம் அழுகிற மாதிரி ஆகவில்லை, மின்கம்பி போகிற வழியைச் சொன்ன அதே முகம்தான். “அந்தக் கதவுகூட மரமுங்க. தந்தமில்லை” என்றார். “தெரியும்” என்றாள் அவள். “தெரிஞ்சுதான் சொல்றீங்கன்னு எனக்கும் தெரிஞ்சுது. எதுக்குன்னுதான் தெரியலை.” அவர் சிரித்தார், மேல்வரிசையில் ஒரு பல் இல்லை.

காற்றில் சேலைத் தலைப்பு பறந்தது, பிடித்துச் செருகிக்கொண்டாள். இப்போது சொல்லாவிட்டால் இனி எங்கேயும் சொல்ல மாட்டோம் என்று தெரிந்தது. அதே சமயம் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தாள், ஒன்றும் ஆகாது, மிஞ்சிப்போனால் இவர் பஸ் ஏறிப் போய்விடுவார். “எங்க வீட்டுக்காரர் போனப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சுங்க” என்றாள். “துக்கமும் இருந்துச்சு. ஆனா நிம்மதிதான் முன்னாடி வந்துச்சு. அவர் கெட்டவர் இல்ல. எல்லாரும் நான் தனியாக் கஷ்டப்படறேன்னு நெனைக்கிறாங்க, என் பொண்ணும் அப்படித்தான் நெனைச்சு உங்களைக் கூட்டிட்டு வந்திருக்கா. நான் கஷ்டப்படலை. நல்லாத்தான் இருக்கேன்.” ஒரு சுற்றுலாக் கூட்டம் நடுவில் புகுந்து போட்டோ எடுத்துக்கொண்டது, இருவரும் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கி நின்றார்கள். கூட்டம் போன பிறகு குழந்தைவேலு பழைய இடத்துக்கே திரும்பி வந்தார். கோபமோ பரிதாபமோ அந்த முகத்தில் தேடினாள், கிடைக்கவில்லை. “அப்ப இந்தக் கல்யாணம் உங்களுக்கு எதுக்குங்க?” என்று கேட்டார். கேள்வியில் குத்தல் இல்லை, பல்பை எப்படி மாற்றுவார்கள் என்று யோசித்த மாதிரியே கேட்டார். பூங்கோதை பதிலைத் தேடினாள். மகளுக்காக என்பது பாதிதான், வயசான காலத்துக்கு என்பது பொய், ஒன்றும் வேண்டாம் என்பதற்கும் வாய் வரவில்லை. “தெரியலைங்க. உங்களுக்கு?” என்றாள். “எனக்கும் இப்ப சரியாச் சொல்லத் தெரியலைங்க. அக்கா சொன்னா, வந்தேன். பேச ஆளில்லாம ராத்திரி டீவியோட பேசிட்டிருக்கேன், அது ஒண்ணு” என்றார். கீழே மைதானத்தில் ஒரு குதிரைக்காரன் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான்.

யாழினி தெய்வானையக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தாள். தூரத்திலிருந்தே அம்மாவின் முகத்தைப் படிக்கப் பார்த்தாள், படிக்க முடியாமல் அவருடைய முகத்தைப் பார்த்தாள், அங்கேயும் ஒன்றும் கிடைக்கவில்லை. “எல்லாம் பாத்தாச்சாம்மா? வெளியே போலாமா, ஆன்ட்டிக்குக் கால் முடியலையாம்” என்றாள். குரல் சாதாரணமாக இருப்பதற்குப் பாடுபட்டது. எப்போது இவ்வளவு வளர்ந்தாள், எப்போதிலிருந்து என்னிடம் இவ்வளவு ஜாக்கிரதையாகப் பேசுகிறாள் என்று பூங்கோதை நினைத்தாள். மேல் மாடிக்குப் போகிற படிக்கட்டு மண்டபத்தின் ஓரத்தில் இருந்தது, அகலம் குறைவு, வளைந்து ஏறியது, கல்யாண மண்டபத்தைப் பெண்கள் உட்கார்ந்து பார்த்த பலகணிக்குப் போகும் வழி என்று அம்புக்குறி போட்டிருந்தது. “நீ அவங்களைக் கூட்டிட்டுப் போய் வெளியே நிழல்ல உக்கார வை, ஒரு இளநி வாங்கிக் குடு” என்றாள். “நாங்க மேல போய்ப் பாத்துட்டு வர்றோம்.”

நாங்க. அந்தச் சொல் அவளுக்கும் காதில் விழுந்தது, யாழினிக்கும் விழுந்தது. இன்று காலைவரை அந்தச் சொல்லுக்குள் யாழினி இருந்தாள், இப்போது வெளியே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் கண் ஒரு நொடி அகன்றது, பிறகு சட்டென்று தெய்வானையக்காவின் பக்கம் திரும்பிக்கொண்டாள். குழந்தைவேலு அதைக் கவனித்தாரோ இல்லையோ, படிக்கட்டின் உயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூங்கோதை சேலையைக் கணுக்காலுக்கு மேலே கொஞ்சம் தூக்கிப் பிடித்து முதல் படியில் கால் வைத்தாள். பின்னால் அவர் ஏறுகிற சத்தம் கேட்டது, நிதானமாக, ஒவ்வொரு படியாக, இவளை முந்தாமல்.